நாலாவது பாராவில் இருக்கிறார் உங்கள் அத்தை

கேள்வி: கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். வாரப் பத்திரிகையில் வேலை பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. இதுவரை ஆறு கட்டுரைகள் எழுதி நான்கு பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதழியல் படிக்காதது தடையா? சென்னைக்கு வந்தால்தான் நடக்குமா? அப்பா பேங்க் பரீட்சைக்குப் படி என்கிறார். கடைசியாக எழுதிய தீப்பெட்டித் தொழில் கட்டுரையை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று சொல்ல முடியுமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பாதியிலேயே எழுந்து டீ போடப் போய்விட்டேன். இதை உங்களிடம் மறைத்து என்ன பயன்? பத்திரிகை அலுவலகத்தில் உங்கள் மெயிலைத் திறந்தவரும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருப்பார். இரண்டாம் முறை பொறுமையாகப் படித்தபோது நாலாவது பாராவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கட்டுரை இப்படித் தொடங்குகிறது: "ஆதிமனிதன் கல்லோடு கல்லை உரசி அக்னியைக் கண்டறிந்த நாள் முதல் மனித நாகரிகத்தின் வரலாறே மாறிப்போனது." அடுத்த பாராவில், சிவகாசியிலிருந்து இரண்டு பேர் 1920களில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த கதை. அது எல்லோரும் எழுதிவிட்ட கதை. மூன்றாவதில் "நலிவடைந்து வரும் தொழிலைக் காக்க அரசு முன்வர வேண்டும்." நாலாவதில், போகிற போக்கில், ஒரே ஒரு வாக்கியம்: "என் அத்தை பதினேழு வருடமாகத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிறார், எண்ணுவதே இல்லை, கையில் ஒரு பிடி எடுத்தால் சரியாக இருக்கும்." பிறகு மறுபடியும் அரசு முன்வர வேண்டும்.

அந்த அத்தையை எழுதுவதற்குத்தான் பத்திரிகையில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். நீங்களோ அவரை நாலாவது பாராவில் ஒளித்துவைத்துவிட்டு, ஆதிமனிதனை வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

வாரப் பத்திரிகை, மாதப் பத்திரிகை இரண்டிலுமாக இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். பாதிக் காலம் நிருபர், பாதிக் காலம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிற வேலை. வெளியிலிருந்து வரும் கட்டுரைகளில் பத்துக்கு எட்டு, சென்னையில் அலுவலகத்திலேயே உட்கார்ந்து ஒரு உதவி ஆசிரியர் அரை நாளில் எழுதிவிடக்கூடியவை. அதை எதற்குக் கோவில்பட்டியிலிருந்து வாங்க வேண்டும்? இப்போது அந்த மாதிரிக் கட்டுரையை ஏஐ இரண்டு நிமிடத்தில் எழுதித் தருகிறது, ஆதிமனிதன் உள்பட. உங்கள் அத்தையின் கை அதற்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நடை நன்றாக இருக்க வேண்டும், சரிதான். ஆனால் நடையை நாங்கள் திருத்திக்கொள்வோம். நீங்கள் போய்ப் பார்க்காததை எங்களால் சேர்க்க முடியாது.

அந்தக் கட்டுரையையே கையில் எடுத்துக்கொள்வோம். ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி, பதினான்கு வருடத்துக்குப் பிறகு 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. அப்போது தயாரிப்பாளர்கள், பெட்டிக்கு 36 என்று இருந்த குச்சியை 50 ஆக்கித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். விலை ஏறிய செய்தியை எல்லாப் பத்திரிகையும் போட்டது. ஆனால் உங்கள் நாலாவது பாராவோடு சேர்த்துப் படித்தால் அங்கே ஒரு கேள்வி எழுகிறது. 36 குச்சிக்குப் பழகிய கை 50 குச்சிக்கு எப்படி மாறியது? எத்தனை நாள் ஆனது? பெட்டிக் கணக்கில் கூலி என்றால், அதே கூலிக்குக் கூடுதல் குச்சியா, கூலியும் ஏறியதா? ஒரு பண்டல் என்றால் 600 பெட்டி. பெட்டிக்குப் பதினான்கு குச்சி கூடினால் பண்டலுக்கு 8,400 குச்சி. அது அத்தனையும் யாரோ ஒருவரின் விரலைக் கடந்துதான் போயிருக்கிறது. ஏற்கெனவே வெளிவந்திருக்குமோ என்று தேடிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கோணத்தில் யாரும் எழுதவில்லை.

முதல் வேலை, பத்துக் கடையில் பத்துப் பெட்டி வாங்குங்கள். வெவ்வேறு லேபிள்கள். இருபது ரூபாய்தான் செலவு. திண்ணையில் பழைய பேப்பரை விரித்து ஒவ்வொன்றாகக் கொட்டி எண்ணுங்கள். லேபிள் பெயர், வாங்கிய கடை, தேதி, குச்சி எத்தனை, தலை மருந்து உதிர்ந்தது எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் "ஐம்பது என்று சொன்னார்கள், நான் எண்ணிய பத்துப் பெட்டியில் இவ்வளவுதான் இருந்தது" என்று ஒரு வரி எழுதினால், அதை அடிக்க எந்த ஆசிரியருக்கும் மனசு வராது. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் கெட்டுப்போகவில்லை. எண்ணாமலே சரியாக எடுக்கிற கை என்று தலைப்பே கிடைத்துவிடும்.

இரண்டாவது, அத்தையோடு ஒரு நாள் முழுக்க இருங்கள். பேட்டி என்று சொல்லிப் போனை நீட்டாதீர்கள், அவர் உடனே டிவியில் பேசுவது மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், வேன் வருகிறதா, நடந்து போகிறாரா, மதியச் சாப்பாடு என்ன, கணக்கு எழுதும் நோட்டு யாரிடம் இருக்கிறது, வாரக்கூலி எந்தக் கிழமை, கையில் தருகிறார்களா, பேங்கில் போடுகிறார்களா. அந்த ஒரு பிடியை உங்கள் கையிலும் எடுத்துப் பாருங்கள், எத்தனை தப்பு வருகிறது என்று எண்ணுங்கள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் கட்டுரையில் வரலாம்.

அப்புறம் மறுபக்கம். உற்பத்தியாளர் ஒருவரையாவது பார்த்தே ஆக வேண்டும். குளோரேட் விலை, பாஸ்பரஸ் விலை, மெழுகு விலை என்று அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். சீன பிளாஸ்டிக் லைட்டரால் வியாபாரம் படுத்தது, 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023-ல் மத்திய அரசு தடை போட்டது, அதற்குப் பிறகு ஆர்டர் கூடியதா இல்லையா என்பதெல்லாம் அவர் வாயால் வர வேண்டியவை. அவர் பேச மறுத்தால் எந்தத் தேதியில் எப்படிக் கேட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். "கருத்துக் கேட்டோம், பதில் தரவில்லை" என்ற வரியை நாங்கள் சும்மா போடுவதில்லை. பின்னால் பிரச்சினை வந்தால் நிற்கப் போவது அந்த வரிதான்.

அரசுத் தரப்புக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-லிருந்து இருக்கும் சட்டம், நிருபர் அட்டை எதுவும் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் மாவட்டத் தீப்பெட்டி ஆலைகளில் எத்தனை விபத்து, எத்தனை பேர் காயம், எத்தனை ஆய்வு என்று மட்டும் கேளுங்கள். "ஏன்" என்று கேட்டால் பதில் வராது, எண்ணிக்கை கேட்டால் வரும். முப்பது நாள் கெடு. வரவில்லை என்றால் மேல்முறையீடு. பதில் வருவதற்குள் மற்ற வேலையை முடித்துவிடலாம்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதழியல் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி மூழ்காது. என்னோடு வேலை பார்த்தவர்களில் தாவரவியல் படித்தவர், ஐடிஐ முடித்தவர், வக்கீலுக்குப் படித்துவிட்டுக் கோர்ட்டுப் பக்கமே போகாதவர் எல்லாரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது, ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது. பின்னது ஆங்கிலத்தில், கட்டணமும் அதிகம். வசதியும் விருப்பமும் இருந்தால் பி.காம். முடித்துவிட்டுப் போகலாம். அதற்கு முன்னால், நீங்கள் இன்னும் மாணவி என்பதை மறக்காதீர்கள். விகடன் பல வருடமாக மாணவப் பத்திரிகையாளர் திட்டம் நடத்திவருகிறது. இன்றைக்குத் தமிழ்ப் பத்திரிகைகளில் பெரிய பொறுப்பில் இருக்கிற பலர் அந்த வழியாக வந்தவர்கள். அறிவிப்பு வந்தால் விதிமுறையைப் படித்துவிட்டு உடனே விண்ணப்பியுங்கள். பட்டம் வாங்கிய பிறகு அந்தக் கதவு உங்களுக்கு இருக்காது.

பி.காம். படித்தது வீண் என்று நினைக்கிற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பத்திரிகைக்காரர்களில் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் கண் இருட்டிப்போகிறவர்கள்தான் அதிகம், என்னையும் சேர்த்து. உங்களுக்கு அது பாடம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை அங்கே மக்கள் முன் வைக்க வேண்டும். அடுத்த சபைக்குப் போய் அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பாருங்கள். தெருவிளக்கு பல்புக்கு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள், உங்கள் தெருவில் எத்தனை எரிகிறது? கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒரு நிருபர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தால் எந்த ஆசிரியரும் போன் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்வார்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றுப்பிழை நிறைய. அதைவிட, "மேற்கொள்ளப்பட்டு வருகிறது", "நடைபெற்றுக்கொண்டிருக்கிறது" மாதிரி சொற்களை மூட்டை மூட்டையாக இறக்கியிருக்கிறீர்கள். அத்தை "குச்சி அடைக்கிறார்" என்று அழகாக எழுதத் தெரிந்த கைதானே? அந்த வாக்கியத்தை எழுதும்போது எப்படி இருந்தீர்களோ அப்படியே மற்றதையும் எழுதுங்கள்.

சரி, கட்டுரை தயார். அனுப்புவது எப்படி? முழுக் கட்டுரையை முதலில் அனுப்பாதீர்கள். பத்து வரி மெயில் போதும். என்ன கண்டுபிடித்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், படம் இருக்கிறதா, எத்தனை வார்த்தை, எப்போது தர முடியும். கூடவே "இப்போது ஏன்" என்பதற்கு ஒரு வரி. எழுதுவது யூனிகோட் எழுத்துருவில் இருக்கட்டும். பிடிஎஃப் வேண்டாம், திருத்த முடியாது. போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அச்சில் மங்கிவிடும். ஒரிஜினல் ஃபைலை டிரைவில் போட்டு லிங்க் கொடுங்கள். ஒரே நேரத்தில் நாலு பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். நாங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், சாயங்காலம் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். இரண்டு வாரம் பாருங்கள், ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், பதில் இல்லையென்றால் அடுத்த பத்திரிகை. காலக்கணக்கும் முக்கியம். வாரப் பத்திரிகை கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே பக்கங்கள் முடிந்துவிடும். தீபாவளி மலர் வேலை ஆடியிலேயே ஆரம்பித்துவிடும். கார்த்திகை தீபத்துக்குத் தீப்பெட்டிக் கட்டுரை பொருத்தம் என்று நினைத்தால், புரட்டாசியில் மெயில் போக வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால் பெயர்களைச் சரிபாருங்கள். இதில் நான் சூடுபட்டவன். சேர்ந்த முதல் வருடம், ஒரு ஊரில் கண்மாய் ஆக்கிரமிப்பு பற்றி எழுதினேன். ஆக்கிரமித்தவர் பெயர் சரி, இனிஷியல் தப்பு. அதே ஊரில் அந்த இனிஷியலோடு அதே பெயரில் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் இருந்தார். புத்தகம் வந்த மூன்றாம் நாள், மடித்த குடையும் கையுமாக அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. "தம்பி, நான் முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன்" என்றார், அவ்வளவுதான். அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்துப் போட்டோம். ஆசிரியர் அத்தோடு விடவில்லை. அந்த இதழில் பத்துப் பிரதி கையில் கொடுத்து, "நீயே கொண்டு போய் அவர் தெருவில் கொடுத்துவிட்டு வா" என்று பஸ் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் பெயரை அவர்கள் கையாலேயே என் நோட்டில் எழுதச் சொல்லி வாங்கிவிடுகிறேன்.

சென்னை? இப்போது வேண்டாம். சென்னையில் கட்டுரை எழுத ஆள் நெரிசல், உங்கள் ஊரில் இல்லை. நாலைந்து கட்டுரை அச்சில் வந்து, ஒரு அலுவலகம் கூப்பிட்டால் அப்போது போகலாம். போகும்போது கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: சம்பளம் எவ்வளவு, பயிற்சிக் காலம் எத்தனை மாதம், வெளியூர் போனால் செலவு யார் கொடுப்பார்கள், பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்புகார் குழு இருக்கிறதா. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது 2013-ம் வருடச் சட்டம். அதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1941-ல் தொடங்கிய கல்கி 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. மிச்சப் பத்திரிகைகள் எப்படி இளைத்திருக்கின்றன என்பதைப் பெட்டிக்கடையில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். இன்று பத்திரிகையில் சேர்கிறவர் காலையில் இணையத்துக்கு எழுதி, மதியம் வீடியோவுக்குப் பேசி, ராத்திரி இதழுக்குக் கட்டுரை முடிக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து எழுதினால் வருகிற சன்மானத்தில் கோவில்பட்டி - சென்னை பஸ் டிக்கெட் தேறினால் சந்தோஷப்படுங்கள். பேங்க் பரீட்சை எழுதுங்கள், தப்பே இல்லை. பாஸானால் எழுதுவதை விட வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வருடத்துக்கு மாதம் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொண்டால், பரீட்சைக்கும் நேரம் இருக்கும், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்றும் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எழுதிக் கொடுக்காத வரை, வெளியிலிருந்து எழுதும் கட்டுரையின் காப்புரிமை எழுதியவருக்குத்தான். எதையாவது நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, மறுபடியும் அத்தை. 1994-ல் நக்கீரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது ஆவணத்தில் பதிவானதை வெளியிட ஒருவருடைய அனுமதி தேவையில்லை என்று சொன்னது; பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் போன்றவர்களின் அடையாளத்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே தகவல் உரிமையில் வரும் விபத்துக் கணக்கை நீங்கள் தைரியமாக எழுதலாம். அத்தை வீட்டு அடுப்பங்கரை பொது ஆவணம் இல்லை. அவர் கூலியைப் பற்றிச் சொன்னது அச்சில் வந்தால், மறுநாள் அதே ஆபீஸுக்கு அவர்தான் போக வேண்டும், நீங்கள் இல்லை. பெயரை மாற்றிப் போடலாம் என்பீர்கள். பதினேழு வருடம், ஒரு பிடியில் சரியாக எடுக்கும் கை என்று எழுதினால், அங்கே இருக்கிற எல்லாருக்கும் யார் என்று தெரிந்துவிடும். இதை அவரிடம் உடைத்துச் சொல்லிவிட்டு அப்புறம் சம்மதம் கேளுங்கள். சரி என்றால், அவர் உங்கள் அத்தை என்பதை ஆசிரியருக்கும் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். வேண்டாம் என்றால் இன்னொரு ஆபீஸில், இன்னொரு ஊரில், உங்களுக்குச் சொந்தமில்லாத ஒருவரைத் தேட வேண்டியதுதான். எட்டயபுரம் பஸ்ஸில் காலை ஏழு மணிக்கு ஏறிப் பாருங்கள்.